இன்னும் ஒரு தடவைதான் ஓடும்

என் வீட்டில் ஓர் அலமாரி நிறைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. போட்டுக் கேட்க ரெக்கார்டு பிளேயர் போன வருஷம் வரை கிடையாது. ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்க வந்து எங்கள் மாடி அறையில் தங்குகிறவர்கள் அலமாரியைப் பார்த்ததும் வாயைப் பிளப்பார்கள். அப்புறம் கண்ணாலேயே அறையைத் துழாவுவார்கள். "பிளேயர் எங்கேங்க?" "இல்லீங்க." "ரிப்பேருங்களா?" "வாங்கவே இல்லீங்க." அப்போது அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிற பீங்கான் கோப்பையில் என்றைக்காவது காபி குடித்திருக்கிறீர்களா என்று கேட்கத் தோன்றும். வாடகை கொடுக்கிறவர்கள் என்பதால் வாயை மூடிக்கொள்வேன்.

ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்த பெண். அவளும் தட்டுகள் வாங்கிச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாளாம், அவளிடமும் பிளேயர் இல்லையாம். "எல்லாப் பாட்டும் போன்லயே இருக்குக்கா. ஆனா போன்ல இருக்கறது என்னோடதுன்னு தோணறதே இல்ல" என்றாள். அவளுக்கு அன்று காலைக்கு இரண்டு ஆப்பம் கூடுதலாக ஊற்றிக் கொடுத்தேன். என் காரணத்தை அவளிடமும் சொல்லவில்லை.

காரணம் இதுதான். எனக்கு வேண்டியது அந்த அலமாரியில் ஒரே ஒரு தட்டு. மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஒரு தட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கேட்காமலும் இருந்தால் பைத்தியம் என்பார்கள். ஓர் அலமாரி தட்டை வைத்துக்கொண்டு கேட்காமல் இருந்தால் சேகரிப்பு என்பார்கள். அதனால் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்கிறவர்களிடமும் சேலத்துக் காயலாங்கடைகளிலும் கிடைத்ததை எல்லாம் வாங்கி அடுக்கினேன்.

அந்த ஒரு தட்டில் என் அம்மாவின் குரல் இருந்தது. நான் தவழ்ந்துகொண்டிருந்தபோதே அம்மா போய்விட்டாள். முகத்துக்கு ஒரு போட்டோ உண்டு. குரலுக்கு எதுவும் இல்லை, அந்தத் தட்டைத் தவிர.

அம்மா எங்கள் சர்ச்சின் பாடகர் குழுவில் முதல் குரல். மழைக்காலத்தில் மலைக்கிராமம் எதிலாவது சாவு விழுந்தால், வாழவந்திக்கும் தலைச்சோலைக்கும் பாடகர் குழு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர முடியாது. ஆகவே அடக்கத்துக்குப் பாடும் ஒரு பாட்டை மெட்ராஸில் பாட வைத்துத் தட்டாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் குரல் அம்மா. இரண்டாம் குரல் அம்மாவின் சிநேகிதி, எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

துக்க வீட்டில் வேறெதற்கும் முன்னால் அந்தத் தட்டைத்தான் போடுவார்கள். கூம்பு ஸ்பீக்கரில் அது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். தனியாகச் சேதி சொல்லி ஆளனுப்புகிற வழக்கமே இல்லை. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர்கள் பாட்டு காதில் விழுந்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யாருக்கு? யாருக்கு?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார்கள். சாவுக்கென்று கிளம்பி வந்தவர்கள் முகம் பார்க்காமல் திரும்பக் கூடாது. அந்தப் பாட்டைச் சும்மா வாயில் முணுமுணுக்கவும் கூடாது. முணுமுணுத்த பிள்ளைகளுக்கு வாயில் விழும் அடி.

அம்மா செத்தபோதும் அதையே போட்டார்கள். தன் சாவுக்குத் தானே பாடிய பொம்பளை என்று இன்றைக்கும் எங்கள் சந்தில் சொல்வார்கள். சொல்லிவிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

பிறகு கேசட் வந்தது, இப்போது பென் டிரைவில் அதே பாட்டை வேறு யாரோ ஒரு ஆள் பாடுகிறார். சர்ச்சின் பழைய அறையை ஒழித்தபோது, தட்டுகளைக் கட்டாகக் கட்டி என்னிடம் கொடுத்துவிட்டார் கோயில்பிள்ளை. மணி அடிக்கிறவர் அவர்தான், துக்க வீடுகளுக்குப் பிளேயர் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான். "இந்தப் பேர் ஒட்டாத தட்டுத்தானுங்க உங்கம்மாவோடது. கடையில விக்கிற தட்டு மாதிரி இல்லீங்க, உள்ள அலுமினியத் தகடு, மேலாப்புல பூச்சு மட்டுந்தான். முள்ளு பட்டா உரிஞ்சுக்கிட்டு வந்துரும். இன்னும் ஒரு தடவைதான் ஓடும், அதுவும் சந்தேகந்தானுங்க" என்றார்.

ஒரு தடவை! எப்போது கேட்பேன்? ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போதா? கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாமே என்றார் என் வீட்டுக்காரர். அதற்கும் முள்ளைத்தானே வைக்க வேண்டும். என் அம்மாவை எனக்கு முன்னால் கடைக்காரன் ஒருவன் கேட்பானாம், நான் காசு கொடுத்து வாங்கி வர வேண்டுமாம். போங்கள் அந்தப் பக்கம் என்றேன். தட்டு அலமாரியின் நடு அடுக்கில் போய் உட்கார்ந்தது.

எங்கள் ஊர் ஈரத்தில் எல்லாத் தட்டுக்கும் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை பஞ்சால் துடைத்து மாளாது. அம்மாவின் தட்டில் மட்டும் ஒரு பொட்டுப் பூஞ்சை பிடித்ததில்லை. இடமும் வலமும் வெள்ளை பூத்துக் கிடக்கும், அது மட்டும் இப்போதுதான் யாரோ கையில் எடுத்துத் துடைத்து வைத்த மாதிரி கறுப்பாக மின்னும். தினம் துடைக்கிறாயா என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் உறையை விலக்கிப் பார்ப்பதோடு சரி, எங்கே துடைப்பது?

அது வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு மத்தியானம். பனி இறங்கி சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் தெரியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெரியம்மா கூப்பிட்டார்.

"ஏன் கண்ணு, இப்ப உங்கம்மா பாடுனாளே. யாருக்கு?"

"பெரியம்மா, எங்கூட்ல பிளேயரே இல்லீங்களே."

"பிளேயர் இல்லாட்டி என்ன சாமி? பாடுனா. நான் கேட்டேன்."

பருப்பு வேகவில்லை என்கிற மாதிரி அத்தனை சாதாரணமாகச் சொன்னார். உள்ளே ஓடிப் போய் அலமாரிக் கதவைத் திறந்தேன். தட்டு உறைக்குள் இருந்தது. காதை வைத்துக்கூடப் பார்த்தேன், வெட்கக்கேடு.

அப்புறம் பனி இறங்கும் போதெல்லாம் இதே கதை. வயசாகிவிட்டது, காதுக்குள் ஏதோ இரைகிறது என்று வீட்டுக்காரர் சொன்னார். இருக்கலாம். ஆனால் முதலில் எனக்கு வந்த பயம் நாளாக ஆகக் கோபமாகிவிட்டது. பெற்ற மகள் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஓர் எழுத்து கேட்கவில்லை. வேலிக்கு அப்பால் உள்ளவளுக்கு பனி இறங்கினால் தவறாமல் பாட்டு! வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

இது போதாதென்று ஒருநாள் வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அந்தத் தட்ட எனக்குன்னு வெச்சிரு சாமி. நான் போறன்னைக்கிப் போடு. பென் டிரைவு எனக்கு வேண்டாம். அவகூட நானும் இருக்கறன்ல அதுல."

இருக்கிற ஒரே ஒரு தடவையைக் கேட்கிறார். "பாக்கலாங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து பாத்திரங்களை உருட்டினேன். தரமாட்டேன். அம்மா என்னுடையவள்.

போன வருஷம் எங்கள் கல்யாண நாளுக்கு வீட்டுக்காரர் ஒரு ரெக்கார்டு பிளேயரை வரவழைத்துவிட்டார். சின்னப் பெட்டி மாதிரி, மூடி திறந்தால் தட்டு சுற்றும். "இனிமே நீயும் வாங்கினதக் கேளு, நானும் கேக்கறேன். இல்லாட்டி மகாராணி உறையத் துடைச்சுக்கிட்டே காலத்த ஓட்டு" என்று கேலி வேறு. நான் அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அதன்மேல் துவைத்த துணியை மடித்து வைத்தேன்.

அந்த வருஷத்து ஐப்பசி மழை. வழக்கமான மலைப்பாதையில் மரம் விழுந்து, வீட்டுக்காரர் குப்பனூர் வழியாகச் சேலம் போயிருந்தார். காலையில் பெரியம்மா வேலியோரம் வந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன, முகத்தில் சிரிப்பு.

"நேத்து நொம்ப நேரம் பாடுனா கண்ணு. ஒரு அடியக்கூட உடாம, கடைசி வரைக்கும் பாடுனா."

"உங்களுக்குத்தான் பாடுவாங்க. நான் யாரு?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கோபம் மத்தியானம் வரை ஆறவில்லை. பனி ஜன்னல் கம்பிக்குள் கைவிட்ட மாதிரி உள்ளே வந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் அந்தம்மா கேட்பார், நாளைக்கு வந்து என்னிடம் சொல்வார். துணியை எடுத்து எறிந்தேன். அட்டைப்பெட்டியைக் கிழித்தேன். ஓர் எழுத்தும் தவறக் கூடாது என்று, கிறிஸ்துமஸ் பஜனைக்கு வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கரை இழுத்து வந்து மாட்டினேன். போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவையும் ஓட விட்டேன். சத்தம் வெளியே போகும், போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் புத்தியில் உறைக்கவே இல்லை. முள்ளை வைத்தேன்.

முதலில் ஒரே இரைச்சல். அப்புறம் யாரோ நாற்காலியை நகர்த்துகிற சத்தம். ஒரு பெண் தொண்டையைச் செருமினாள். "ஆரம்பிக்கலாங்களா?" என்று கேட்டாள்.

பாட்டுக்குத்தான் என்னைத் தயார் செய்து வைத்திருந்தேன். பேச்சுக்கு இல்லை. எனக்குச் சளி பிடித்தால் வருமே, கொஞ்சம் மூக்கால் பேசுகிற அந்தக் குரல், அதேதான். "ம்" என்றேன். வாய்விட்டுச் சொன்னேன்.

பாடினாள். தேன் குரல் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். உரத்த, மலைச்சரிவில் கூப்பிட்டுப் பழகிய குரல். அதற்குக் கீழே சன்னமாக இன்னொரு குரல், கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி. முள்ளின் முனையில் கறுப்பாக நூல் நூலாகப் பூச்சு உரிந்து சுருண்டுகொண்டே வந்தது. பாடப்பாட அம்மா அழிந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை. பாட்டு முடிந்தது, முள் தானாகத் தூக்கிக்கொண்டது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் வாசலில் கற்கள் நெரிபட்டன.

பனிக்குள் ஆட்கள் நின்றார்கள். முகம் தெரியவில்லை. ஒருவர் தலையில் துண்டு, இரண்டு பேர் பெஞ்சு தூக்கி வந்திருந்தார்கள், ஒரு பெண் கையில் தோட்டத்துப் பூ. யாரும் கதவைத் தட்டவில்லை. பின்னால் சந்திலிருந்து இன்னும் உருவங்கள் வந்துகொண்டிருந்தன. ஒரு நிமிஷம், செத்தது நான்தானோ என்றே நினைத்தேன்.

"யாருக்குங்க?" என்று கேட்டார் துண்டு போட்டவர். கோயில்பிள்ளையின் குரல்.

"யாருக்கும் இல்லீங்க. சும்மாதான் போட்டேன். எங்கம்மா குரலக் கேக்கணும்னு போட்டேன்."

"சும்மாவா?" என்றது ஒரு பெண்குரல். "அந்தப் பாட்டச் சும்மாப் போடுவாங்களா? ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி..."

"எங்கூடு, எங்கம்மா. போங்க எல்லாரும்" என்று கத்தினேன்.

போகவில்லை. போகவும் முடியாதே, முகம் பார்க்காமல் எப்படித் திரும்புவார்கள்? பெஞ்சைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றார்கள். மலையில் எந்தச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை என்பதை அப்போதுதான் யாரோ கவனித்தார்கள்.

"பெரியம்மா எங்க?"

வேலியைத் தாண்டிப் போனோம். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. என் வீட்டைப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலை கம்பியில் சாய்ந்திருந்தது. ஜன்னல் கட்டையில் காபி டம்ளர். நான்தான் அதைத் தொட்டேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

யாரும் அலறவில்லை. பெஞ்சு இருந்தது, பூ இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். கோயில்பிள்ளை மட்டும் என் பக்கம் திரும்பி, "எப்படிங்க தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். இன்றைக்கும் சந்தில் அதைத்தான் கேட்கிறார்கள். பனி இறங்கினால் என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வேகமாகக் கடந்து போகிறார்கள்.

சாயங்காலம் மறுபடி அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்கள். போட்டேன். வெறும் உலோகத்தில் முள் கீறுகிற சத்தம்தான் வந்தது. போனில் பதிவானதையும் போட்டுப் பார்த்தேன். மழைச் சத்தம் மாதிரி ஓர் இரைச்சல், நடுவில் "ம்" என்று என் குரல். அவ்வளவுதான். சந்தே கேட்டு எழுந்து வந்த பாட்டு அதில் இல்லை.

தரமாட்டேன் என்று வைத்திருந்ததை அந்தம்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் என் அம்மாவைக் கேட்டது அவருடைய சாவுப் பாட்டில். அதில் எனக்கு வருத்தமா கோபமா என்று இன்னும் தெரியவில்லை.

பிளேயர் அட்டைப்பெட்டிக்குள் திரும்பப் போய்விட்டது. தட்டுகள் இருக்கின்றன, புதிதாகவும் வாங்குகிறேன். உரிந்துபோன தட்டும் நடு அடுக்கில்தான் இருக்கிறது. இந்த மழைக்கு அதிலும் பூஞ்சை பிடித்துவிட்டது. பனி இறங்கும் மத்தியானங்களில் வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்கிறேன். "உங்கம்மா பாடுனாளே கண்ணு" என்று சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை.