நூறு லட்சம் கோழி

என் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தான்; பிழையும் இருக்கும். ஐந்தாவதுக்குமேல் படிக்கவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பாகாலா சந்தையில் ஒருவர் நாட்டுக்கோழிகளைத் தூக்கிப் பிடித்து, “கோடி, கோடி” என்று தெலுங்கில் கூவினார். நான் தனியாக நின்று சிரித்தேன்.

சின்ன வயதில், நகரியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்த நாள் நினைவுக்கு வந்தது. முதுகெலும்புள்ள பிராணிகள் ஐந்து வகை என்று டீச்சர் ஐந்து பேரைத் தயார் செய்திருந்தார். மீன், தவளை, பாம்பு, மாடு எல்லாம் மற்றவர்களுக்கு, பறவை எனக்கு. வகுப்பில் வாயே திறக்காத என்னை அவர் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடுவேனோ என்று பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர். “கோடின்னா இன்னா, செப்பு நாயனா?” என்றார்.

பயத்தில் எனக்குக் கணக்குதான் வந்தது. “நூறு லட்சம் சார்!”

“டேய், பறவையைக் கேட்டா கணக்கு சொல்றியே!” என்று மாட்டைப் பற்றிச் சொல்ல நின்றிருந்த முனுசாமி கத்தினான். டீச்சர் முகம் வாடியது. இன்ஸ்பெக்டரோ சிரித்தபடி கைகளை மடக்கி ஆட்டி, “கொக்கரக்கோ!” என்றார்.

“கோழியா சார்! பறவை! இறக்கை, அலகு, ரெண்டு காலு, உடம்பெல்லாம் இறகு, முட்டை போடும்!”

மூச்சுவிடாமல் சொன்னேன். டீச்சர் முதலில் கை தட்டினார்.

போன வாரம் அந்தச் சந்தையிலிருந்து ஒரு கோழியோடு வீட்டுக்குப் போனேன். “இன்னா வெலைக்கு வாங்கினு வந்தே?” என்றாள் மனைவி. “நூறு லட்சம்” என்றேன். முறைத்தாள். வாயால் விளக்க வெட்கமாக இருந்ததால், அவளும் படிக்கட்டும் என்று இன்று எழுதிவிட்டேன்.

தை இரண்டு, மாட்டுப் பொங்கல்.