குதிரை வாய் வைக்காத அருகு

மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்த வருஷம், சீமைக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பெண்குதிரையைச் சீன முதலாளி வாங்கினார். அதைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரருக்கு வேலை. காஜா பேராங்கில் புதர் வெட்டிய நிலம் ஒன்றைக் காட்டி, அறுத்து உலர்த்தி வைக்கத் தோதான புல்லாகப் பார்த்துப் போடச் சொன்னார் முதலாளி.

ஜப்பான்காரன் காலத்தில் என் மகன் காய்ச்சலில் போனான். கைக்குழந்தை. ஆண்கள் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். பெற்றவளிடம் இடத்தைச் சொல்லக்கூடாதாம், சொன்னால் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாளாம். என்ன நியாயமோ. எத்தனை தடவை அழுது கேட்டும் இவர் வாயைத் திறக்கவில்லை. எங்கே கிடக்கிறான் என்று தெரியாமலே நான் சோறு தின்று கொண்டிருந்தேன்.

நிலத்தைப் பார்க்க இவரோடு நானும் போனேன். முக்கால்வாசி லாலான் புல், குதிரையின் உதட்டைக் கிழிக்கும். மூலையில் மட்டும், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு, அருகம்புல் தழைத்திருந்தது. சுற்றிலும் வெயிலில் காய்ந்து கிடக்க, அது மட்டும் பச்சை.

"இந்தக் கொடியையே பிடுங்கி எல்லா இடத்துலயும் நட்டுறலாம்" என்றேன்.

"அது வேணாம். கினிப்புல்லு போடுவோம்."

"அது தண்டு தடிச்சது. நம்ம ஊரு மழைக்குக் காயறதுக்குள்ள பூசணம் பூத்துரும். குதிரைக்காரருக்கு இதுகூடவா தெரியாது?"

"சொன்னா கேளு லா."

நானா கேட்பேன்? மறுநாள் உச்சி வெயிலில் குதிரையையே ஓட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் கண்டதைக் கடித்த குதிரை, அருகின் ஓரத்தில் நின்றுவிட்டது. தலையைத் தாழ்த்தி மோந்தது. காதுகள் விறைத்தன. தோல் முழுக்கச் சிலிர்த்து ஓடியது. கயிற்றை இழுத்தும் நகரவில்லை. ஒரு பிடி பிடுங்கி வாயருகே நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதுவரை கத்திக்கொண்டிருந்த பூச்சிகளும் ஓய்ந்திருந்தன.

திரும்பினேன். பின்னாலேயே வந்திருந்த இவர் தள்ளியே நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இந்தப் புல்ல யாரு வெச்சது?"

"நாய் தோண்டிருமேன்னு... நாந்தான் வேரோட கொண்டாந்து பதிச்சேன்."

அவரைக் கன்னத்தில் அறையலாம் போல ஆத்திரம் வந்தது. கை எழவில்லை.

"தல எந்தப் பக்கம்?"

"தெக்கால."

நான் புல்லைப் பிடுங்கியிருந்ததும் அந்தப் பக்கம்தான்.