மோகனாவின் கிளையில் உயர்ந்த விற்பனை

எங்கள் குடும்பப் பதிவேட்டில், என் சித்தப்பா மகள் மோகனாவின் பக்கத்தில், தொழில் என்ற இடத்தில் "கைப்பேசிக் கடை, பாயான் பாரு, 2006 முதல்" என்று மட்டுமே இருந்தது. சென்ற ஆண்டு நடந்ததை அந்த ஒரு வரிக்குள் அடக்க இயலாததால் தனித்தாளில் எழுதுகிறேன். தேதிகளை நான் சரிபார்த்திருக்கிறேன். மற்றவை அவள் சொன்னவை.

விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்து கிளை மேலாளராக உயர்ந்தவள் அவள். தொடக்க ஆண்டுகளில் போனஸ் கிடைத்த அன்றே பாயான் பாருவின் தொழிற்சாலைப் பேருந்துகளிலிருந்து இறங்கியவர்கள் சீருடையோடு கடையில் வரிசை பிடிப்பார்கள். இன்று எல்லார் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. அது நான்கைந்து ஆண்டுகள் உழைக்கிறது. கண்ணாடி ஒட்டவும் பேட்டரி மாற்றவும்தான் வருகிறார்கள். விற்பனை மூன்று ஆண்டுகளாக ஒரே மட்டத்தில் நின்றது. வளராத கிளைகள் மூடப்படும் என்று தலைமையகம் அறிவித்திருந்தது. நாற்பத்தெட்டு வயதில் வேறெங்கும் மேலாளர் வேலை கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்நிலையில் ஆகஸ்ட் மாத விற்பனை ஐந்தில் ஒரு பங்கு கூடியது. செப்டம்பரிலும் கூடியது. ஊழியர்கள் கேக் வாங்கி வெட்டினார்கள். மோகனா தன் துண்டைத் தொடாமல் கணக்கைத் திரும்பப் பார்த்தாள். போனஸ் மாதம் இல்லை; புதிய மாடல் வரவில்லை. ஜூலை வரை போதுமாயிருந்த கைப்பேசி ஆகஸ்டில் ஏன் ஊருக்கே அலுத்துப்போக வேண்டும்?

புதியது வாங்கும்போது விலைக்கழிவுக்காக வாடிக்கையாளர்கள் கொடுத்துவிட்டுப் போன பழைய கைப்பேசிகள் இருந்த பிளாஸ்டிக் தொட்டியைக் கிளறினாள். ஒவ்வொன்றிலும் பழுதின் காரணம் ஒட்டப்பட்டிருந்தது. முப்பத்தொன்றில் இருபத்தாறு, "மதர்போர்டு பழுது". அதாவது, செலவழித்துச் சரிசெய்தும் பயனில்லாதவை. எல்லாம் பழுது பார்க்கும் சிக்கந்தரின் கையெழுத்து. ஒன்பது ஆண்டுகள் உடன் வேலை செய்தவன். இரண்டு வாரம் அவனைக் கண்காணித்தாள்: எத்தனை முறை வெளியே போய்ப் பேசுகிறான், யாரோடு தேநீர் குடிக்கிறான் என்று. பிறகு கெலுகோரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை அமலம்மாள் கொடுத்த கைப்பேசியை வேறொரு கடைக்கு எடுத்துப்போய்ப் பேட்டரி மாற்றச் சொன்னாள். உடனே உயிர்பெற்றது.

மறுநாள் காலை, கடை திறக்குமுன் அவனைக் கேட்டாள்.

"போர்டு போச்சுன்னு எழுதியிருக்க. பேட்டரி மாத்துனா ஓடுது. யாருக்காக இந்த வேல பாக்குற, சிக்கந்தர்?"

அவன் கோபப்படவில்லை. "போர்டுன்னு போடலன்னா சிஸ்டம் பழைய போன ஏத்துக்காது, அக்கா. பேட்டரி ஸ்டாக் இல்லன்னு போட அதுல எடமே இல்ல. ஜூலைலேர்ந்து ஒரு பேட்டரிகூட வரல லா. நிப்பாட்டச் சொல்லி நீங்கதான சைன் போட்டீங்க?"

உதிரிப் பொருள்கள் நேரே அவனுடைய மேசைக்கே வரும். அவை நின்றது அவள் கண்ணில் படவில்லை. அவன் இழுப்பறையிலிருந்து ஜூன் மாதத் தாளின் நகலை எடுத்து நீட்டினான். மெதுவாக விற்கும் பொருள்களைக் குறைத்தல் என்று தலைப்பு; பட்டியலில் பேட்டரியும் இருந்தது. கீழே அவள் கையெழுத்து. மாதக் கடைசியில் தலைமையகத்திலிருந்து ஒரு கட்டுத் தாள்கள் வரும். பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் மட்டும் கையெழுத்திட்டுத் திருப்பியனுப்புவது அந்த நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் வழக்கம். அவளும் படித்ததில்லை.

"தெரிஞ்சுதான் போட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டு மாசமா நான் உங்களத்தான் சந்தேகப்பட்டேன்" என்றான் சிக்கந்தர்.

அன்று மாலையே அமலம்மாள் வீட்டுக்குப் போய்ப் பழைய கைப்பேசியைக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அமலம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப எத விக்கப் பாக்குற, மோகனா?" என்றாராம்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 17 அன்று, வட்டார மேலாளர் ராமதாஸ் அடுத்த ஆண்டுக்கான விற்பனை மதிப்பீட்டுப் படிவத்தோடு வந்தார். வளர்ச்சி இருபது விழுக்காடு என்று முன்பே அச்சாகியிருந்தது. கையெழுத்திடும் இடத்தில் பென்சில் குறி. மோகனா இம்முறை ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"இப்ப வாங்குனவங்க எல்லாம் பேட்டரிக்கு வந்தவங்க, தம்பி. இன்னும் நாலு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டாங்க. அடுத்த வருஷத்துக்கு ஆள எங்கேர்ந்து கொண்டாருவீங்க?"

"சைன் போட்டா கட இருக்கும், அக்கா. போடலன்னா என்னால ஒன்னும் செய்ய முடியாது லா."

அவள் இருபதை அடித்துவிட்டுச் சுழியம் எழுதினாள். அதன் கீழே கையெழுத்திட்டாள். பேட்டரி கேட்டு ஒரு கோரிக்கைத் தாளையும் சேர்த்துக் கொடுத்தாள். ராமதாஸ் இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

நவம்பர் முதல் வாரத்தில் கிளை மூடப்படும் கடிதம் வந்தது. மோகனா அதை என்னிடம் கொண்டுவந்து, தன் பிடிவாதத்தால் நான்கு பேரின் வேலை போயிற்று என்று சொல்லி அழுதாள். நான் எப்போதும்போல் முதலில் தேதியைத்தான் பார்த்தேன். அக்டோபர் 13 என்றிருந்தது. ராமதாஸ் வந்ததற்கு நான்கு நாள் முன்பு.

விரலை அந்த இடத்தில் வைத்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமுறை படித்தாள்.

"மூடுறதுன்னு முடிவு பண்ணிட்டு, எங்கிட்ட எதுக்கு சைன் கேட்டான்?" என்றாள்.