அம்மனுக்கு நேர்ந்த பன்றி

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். மூளைக்காய்ச்சல் வைரஸைத் தேடி ஆய்வகத்திலிருந்து ஜீப்பில் போய்வந்துகொண்டிருந்தேன். கொசு பரப்பும் அந்த நோய், நெல்வயல் சூழ்ந்த அடிவாரத்தோடு சரி என்றார்கள் என் மூத்தவர்கள். மலையேறிவிட்டது என்றேன் நான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஊர்ச் சிறுமி ஒருத்திக்குக் காய்ச்சலும் வலிப்பும் வந்தன. எங்கள் ஜீப்பில்தான் மலையிறக்கி மருத்துவமனையில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டாள். அப்போது ஒருமுறை ரத்தம் எடுத்திருந்தோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுத்து, எதிர்ப்புச் சக்தி பல மடங்கு ஏறியிருந்தால்தான் இந்த நோய்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியும். உறுதியானால் அந்த ஊருக்குத் தடுப்பூசி வரும். இல்லையென்றால் வராது.

இரண்டாவது ரத்தத்துக்குப் போனபோது வீட்டில் யாரும் இல்லை; சாமை அறுக்கப் போயிருந்தார்கள். பின்புறம் ஒரு பன்றி கட்டியிருந்தது. இந்த வைரஸ் பன்றியின் உடலில் நன்றாகப் பெருகும்; அங்கிருந்துதான் கொசு எடுத்துக்கொண்டு வரும். டிரைவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, காது நரம்பில் ஊசி செருகிக் கொஞ்சம் ரத்தம் எடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. பன்றிதானே என்ற நினைப்பு.

அவர்கள் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, மகள் பிழைத்ததற்காக அம்மனுக்கு நேர்ந்துவிட்ட பன்றி அது. பலி நாள் வரை அதன்மேல் இரும்பு படக்கூடாது. பட்டால் சாமி ஏற்காது, பிள்ளைக்கு ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை.

சிறுமியின் அப்பா பன்றியின் காதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், காதுல ரத்தம் காஞ்சிருக்குது? ஊசி கீசி போட்டீங்களா?"

"இல்லைங்க. நான் அந்தப் பக்கமே போகலை" என்றேன். டிரைவர் ஜீப்பின் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

"உண்ணி கடிச்சிருக்கும்யா" என்றார் சிறுமியின் அம்மா.

"உண்ணி இன்னா ஊசி மாரியா கடிக்கும்?"

"அப்ப நீ கடிச்சியா? சும்மா இருய்யா. நம்ம கொளந்தய வூட்டுக்கு உசுரோட கொணாந்தவரு. அவரு பொய் சொல்லுவாரா?"

அதோடு மகளைக் கொண்டுவந்து என் முன்னால் உட்கார வைத்தார். "எடுத்துக்குங்க சார். அழாத பாப்பா, எறும்பு கடிக்கிற மாரிதான்."

எடுத்தேன். நான் சொன்னதுதான் சரி என்று முடிவு வந்தது. அடுத்த ஆண்டு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டோம். அந்த முடிவை இன்றும் எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டாவது ரத்தம் கிடைத்திருக்காது என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சரியில்லை. பொய் வாயில் வந்த அந்த நொடியில் எனக்கு வைரஸும் நினைவில்லை, தடுப்பூசியும் நினைவில்லை. அந்த மனிதர் முன்னால் கூனிக்குறுக வேண்டுமே என்று பயந்தேன், அவ்வளவுதான்.

பலியன்று என்னையும் அழைத்திருந்தார்கள். கறியும் சாமைச் சோறும் முதலில் என் இலையில்தான் விழுந்தன. சாப்பிட்டேன். "பாப்பாவுக்கு இனி ஒண்ணும் இல்ல சார்" என்று அந்த அம்மா நிம்மதியாகச் சிரித்தார்.

சாமி நம்பிக்கை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அன்றே சொல்லியிருந்தால் அந்த அம்மா வேறொரு பன்றியை நேர்ந்து தன் வாக்கைக் காப்பாற்றியிருப்பார். அவருக்கு அந்த வழியே தெரியாமல் செய்தவன் நான் என்பதுதான் இந்த வயதிலும் என்னை அறுக்கிறது.