பச்சைப் பேனாவும் ஏதென்ஸும்

நேற்று அக்ரஹாரத்தில் காபி குடிக்கப் போன கடையில், கல்லாவில் இருந்தவர் டோக்கனில் பச்சை மையால் கிறுக்கிக் கொடுத்தார். அதைப் பார்த்தபடியே நின்றதில் காபி ஆறிவிட்டது. பச்சை மை என்றால் எனக்குச் சிவகாமி ஞாபகம்தான்.

அந்தக் கடைக்கு மேல்மாடியில்தான் முன்பு எங்கள் அலுவலகம். வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பிழை பார்க்கும் வேலை. யார் திருத்தியது என்று தெரிய ஆளுக்கொரு நிறப் பேனா. எனக்குச் சிவப்பு, ஹனூரிலிருந்து வந்த சிவகாமிக்குப் பச்சை. மேலாளருக்கு மட்டும் பேனா கிடையாது. அவர்தான் தப்பே செய்யமாட்டாரே!

ஒருமுறை லத்தீன் அகராதி ஒன்று வந்தது. லத்தீன் யாருக்குத் தெரியும்? சிவகாமி மட்டும் முன்னுரையிலிருந்த இலக்கணத்தை உட்கார்ந்து படித்தாள். நான் சாப்பாட்டுக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதென்ஸ் நகரத்துக்கு லத்தீனில் ‘அதேனாய்’ என்று பெயராம். எப்போதும் பன்மையில்தான் வருமாம். அது மேலாளர் கண்ணில் பட்டுவிட்டது.

“ஏம்மா, ஊரு ஒண்ணுதானே? எதுக்குப் பன்மை? ஒருமைன்னு போடு.”

“அதுக்கு ஒருமையே இல்லீங்க சார். முன்னுரையிலயே போட்டிருக்குதுங்க.”

“சும்னே வாதம் பண்ணாதே,” என்றார் கன்னடம் கலந்து.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; லத்தீன் தெரியாத அவருக்கு லத்தீனே கோணல். விழா அழைப்பிதழில் தன் பெயருக்குப் பின்னால் ‘அவர்கள்’ இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் மனிதர் அவர். அந்தப் பன்மை மட்டும் அவருக்கு இனித்தது.

சிவகாமி மாற்றவில்லை. அவள் சாப்பிடப் போனதும், அவள் பேனாவையே எடுத்து அவர் மாற்றினார். எதிர் நாற்காலியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வாரம் கழித்து, இதுகூடத் தெரியாதா என்று பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. அதோடு வந்த திருத்தத் தாளை மேலாளர் எங்கள் முன்னால் விரித்தார்.

“பச்சை யாரோடது?”

“நான் எழுதலீங்க சார்,” என்ற சிவகாமி என்னைப் பார்த்தாள். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. நான் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். அப்படியொரு வீரன் நான்! மத்தியானமே அவள் பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகக் கொள்ளேகால் பஸ் ஏறிவிட்டாள்.

“இனிமே பச்சையும் நீங்களே பாத்துக்குங்க,” என்று மேலாளர் அவள் பேனாவை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இப்போது அந்த அலுவலகம் இல்லை, மேலாளர் இல்லை, பிழை பார்க்க ஆளே வேண்டாமாம். அகராதியில் அதேனாய் மட்டும் பன்மையிலேயே இருக்கிறது. கொள்ளேகால் பஸ்ஸும் தினம் போகிறது. நான் ஒருமுறைகூட ஏறவில்லை.