சரளைக்கு முன் ஐந்து எண்ணுதல்

தொண்ணூறுகளில் ஞாயிறுதோறும் நானும் என் மனைவியும் ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து சைக்கிளில் புறப்படுவோம். அர்க்காவதி ஆற்றுச் சமவெளியின் கேழ்வரகு வயல்களைக் கடந்து, நந்தி மலையடிவாரத் திராட்சைத் தோட்டங்கள்வரை செல்வோம். தார்ச்சாலை முடிந்து சரளை தொடங்கும் இடத்தில் அவள் இறங்கி, வால்வின் திருகைச் சற்றே நெகிழ்த்தி, ஐந்து எண்ணும்வரை இரண்டு சைக்கிள்களின் ஒவ்வொரு டயரிலும் காற்றை இறக்குவாள். இளகிய டயர்தான் சரளையைப் பற்றும். தோட்டத்து மேட்டில் ஏறும்போது நாங்கள் ஒருமுறையும் தரையில் கால் ஊன்றியதில்லை.

அவள் இறந்த ஆண்டில், அந்த மேட்டை இன்னும் ஏற முடியுமா என்று அறியத் தனியே சென்றேன். பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கியது, விழுந்தேன். திராட்சைப் பந்தலடியிலிருந்து, எங்கள் இருவரையும் அறிந்த தோட்டக்காரர் வந்து டயரை அழுத்திப் பார்த்தார்.

“என்ன சார், கல்லு மாதிரி இருக்கு. அம்மா வரலேன்னா காத்து எறக்கக்கூடத் தெரியாதா?”

“அம்மா தவறிட்டாங்க. தை மாசம்.”

அவர் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றார். அந்த வேலையை நான் ஒருநாளும் செய்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மேட்டின் அடிக்குத் திரும்பி, இரு சக்கரங்களுக்கும் ஐந்துவரை வாய்விட்டு எண்ணினேன். பிறகு ஏறினேன். உச்சிவரை கால் ஊன்றவில்லை.