செல்வராஜ் அண்ணாவுக்கு வாங்கிய தனி விரிப்பு

செல்வராஜ் அண்ணா போய்விட்டார். இன்று காலை கிளப்பின் ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தில், ஏழாவது குழிக்குப் போகும் ஏற்றத்தில் சரிந்து விழுந்திருக்கிறார்... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஹார்ட் அட்டாக்.

அவரோடு வேலை பார்க்கும் பிஜுதான் போன் செய்து சொன்னார். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டியதும் மீதி இருந்த மூன்று குழிகளையும் ஆடி முடித்துவிட்டுத்தான் போனார்களாம், அவரோடு ஆட்டத்தில் இருந்த மெம்பர்கள் நான்கு பேரும்.

தெரியாதவர்களுக்காக... நான் பிசியோதெரபிஸ்ட். நெடுமங்காடு போகும் வழியில் ஒரு தனியார் கோல்ஃப் கிளப்பில் சனிக்கிழமைதோறும் மெம்பர்களுக்கு ஃபிட்னஸ் கிளாஸ் எடுக்கிறேன். அண்ணா அங்கே அவர்களுடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர். ஐம்பத்தெட்டு வயது. போனக்காடு டீ எஸ்டேட்டில் பிறந்தவர்.

"இடுப்பு திரும்பாம மட்டைய வீசினா பந்து போகாது சார், முதுகுதான் போகும்" என்று முதல் கிளாஸில் சொன்னேன். பெரிய சிரிப்பு. ஆனால் குனியச் சொன்னால் ஒருவருக்கும் முழங்காலுக்குக் கீழே கை போகவில்லை. ஓரமாக நின்றிருந்த அண்ணாவைக் கூப்பிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு யோகா விரிப்பில் ஏறினார். முட்டி மடங்காமல் இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்தார்.

"எப்படி அண்ணா?"

"கொழுந்து பறிக்கிற வீட்டுல பொறந்தவனுக்குக் குனியச் சொல்லித் தரணுமா டாக்டரே? நிமிர்றதுக்குத்தான் பாடு, கேட்டோ."

ஒரே கைதட்டல். அதற்குப் பிறகு எல்லா சனிக்கிழமையும் அவர்தான் என் டெமோ. படுங்கள், திரும்புங்கள், தோளைச் சுற்றுங்கள்... சொன்னதையெல்லாம் செய்தார்.

இரண்டாவது வாரமே மேனேஜர் வந்து காதோடு சொன்னார். அண்ணா படுத்த விரிப்பை மட்டும் தனியாக டெட்டால் போட்டுக் கழுவ வேண்டுமாம். மெம்பர்கள் சிலர் முகம் சுளித்தார்களாம். இவர்கள் வேர்வை என்ன பன்னீரா?

நான் சண்டை போட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணாவுக்கென்று தனியாக ஒரு பச்சை விரிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

"எனக்கா டாக்டரே? நல்ல சாதனமாக்கும். வீட்டுக்காரிகிட்ட ஒருக்கா காட்டிட்டுக் கொண்டு வாறேன்."

சந்தோஷமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

இன்று கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பச்சை விரிப்போடு அவர் படம். "நம் கிளப்பின் மிக ஃபிட்டான மனிதர்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். வரிசையாகக் கும்பிடும் எமோஜி. நடுவில் ஒருவர், "டாக்டர், இந்த சனிக்கிழமை கிளாஸ் உண்டா?"

த்தூ.

இவர்களைத் திட்டி நாலு வரி போட்டுவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

மூன்று வாரம் முன்பு, கிளாஸ் முடிந்து நான் வண்டியைக் கிளப்பும்போது அண்ணா ஓடி வந்தார்.

"டாக்டரே, ஒரு சம்சயம். ஏத்தம் ஏறும்போ இடது தோளு புடிச்சு இழுக்குது. நின்னா சரியாவுது."

அவர் எப்போதும் பை தூக்குவது இடது தோளில். பட்டை அழுத்தித்தான் வலிக்கிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

"வலது தோளுக்கு மாத்திக்கோங்கோ அண்ணா. கையைத் தொங்கவிட்டு நன்னா ஆட்டுங்கோ, சரியாயிடும்."

"செரி டாக்டரே."

இதையே ஒரு மெம்பர் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே காரில் ஏற்றி ஈசிஜி எடுக்க அனுப்பியிருப்பேன். ஏறும்போது வந்து, நின்றால் போகிற வலி... முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது என்னவென்று. நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பிஜுவிடம் கேட்டேன், விழும்போது பை எந்தத் தோளில் இருந்தது என்று.

வலது தோளில்தானாம். மூன்று வாரமாக அப்படித்தானாம். கேட்டவர்களிடமெல்லாம் "டாக்டர் சொன்னது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

போய் வாருங்கள் அண்ணா...